ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு எஜமானர்கள்

அமெரிக்காவில் யூத மதப் போதகரான ராபியாகி, ஒரு சபையை நடத்தி, அதோடு ராணுவத்தில் சிப்பாய்களின் மதகுருவான சாப்ளினாகவும் இருக்க நினைப்பவருக்கு யூதச் சட்ட நூலான தல்மூத் சொல்லித்தர ஆள் இருக்கிறது, பிரசங்கத்தைத் திருத்தித்தரவும் ஆள் இருக்கிறது. வீட்டுப்படித் தீர்மானத்தை எப்போது நிறைவேற்ற வேண்டும், கையிலிருக்கும் பட்டம் படையின் கணக்கில் பட்டமாகச் சேருமா, ஒரே சனிக்கிழமையில் இரண்டு இடத்தில் நிற்கச் சொன்னால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இதையெல்லாம் தனியாகப் பட்டுத் தெரிந்துகொண்டதில் போன காலத்தையும் காசையும் நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் என் சொந்தக் கதையால் யாருக்கும் பயனில்லை. குழி எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பயன் உண்டு. வழியில் வருகிற வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய தமிழ் வேதாகமத்தில் ‘ரபீ’ என்று வருவது இந்தச் சொல்தான். போதகர் என்று பொருள். பூசாரி வேலை இல்லை இது. பத்துப் பேர் கூடினால் ராபி இல்லாமலேயே ஜெப ஆலயத்தில் முழு வழிபாடும் நடக்கும். கற்பிப்பது, வேத சட்டம் சொல்வது, கல்யாணம், சாவு, மதமாற்றம், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவை வாசிக்கத் தயார் செய்வது, ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடப்பது, இவைதான் ராபியின் வேலை. அதற்கான அங்கீகாரத்துக்குச் செமிகா என்று பெயர். யூதர்களில் சீர்திருத்தப் பிரிவினர் 1875இல் சின்சினாட்டியில் தொடங்கிய ஹீப்ரு யூனியன் கல்லூரிக்குப் போவார்கள். கன்சர்வேடிவ் பிரிவினருக்கு நியூயார்க்கில் 1886இல் தொடங்கிய யூத இறையியல் கல்லூரி. ஆர்த்தடாக்ஸ் பிரிவில் யெஷிவா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ராபிப் பள்ளியும் உண்டு, தெருவுக்குத் தெரு இருக்கும் யெஷிவாக்கள் என்ற சிறிய தல்மூத் பள்ளிகளும் உண்டு, ஒரு மூத்த ராபியிடம் நேரடியாகப் படித்துத் தேர்வு எழுதி வாங்கும் தனிச் செமிகாவும் உண்டு.

முதல் குழி இங்கேயே இருக்கிறது. சபைக்குச் செமிகா போதும். ராணுவத்துக்குப் போதாது. பாதுகாப்புத் துறையின் விதி 120 செமஸ்டர் மணிநேரம் (கல்லூரிப் பாட அலகு) கொண்ட இளங்கலைப் பட்டத்தையும், அதற்கு மேல் இறையியல் அல்லது அதைச் சார்ந்த துறையில் 72 செமஸ்டர் மணிநேரம் கொண்ட முதுநிலைப் பட்டத்தையும் கேட்கிறது. இரண்டும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் குனிந்து தல்மூத் படித்து, அழகான எழுத்தில் எழுதிய செமிகாவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவரிடம், ‘மதிப்பெண் பட்டியல் எங்கே?’ என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? எத்தனை மணிநேரம், எந்தப் பாடம், என்ன தரம் என்ற கணக்கே பல யெஷிவாக்களில் கிடையாது. பிறகு நாற்பது வயதில் மறுபடி கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம் உட்கார வேண்டும். படையைப் பற்றி மங்கலான ஆசை இருந்தால்கூட, சேருகிற அன்றே நிறுவனத்தின் அங்கீகாரத்தை விசாரியுங்கள். பாடவாரியான பட்டியலைக் கேட்டு வாங்கி வையுங்கள். 72 என்பதை எண்ணிப் பாருங்கள். 68 வைத்திருப்பவர் 72 வைத்திருப்பவருக்குச் சமம் என்று யாரும் கருணை காட்ட மாட்டார்கள்.

படிக்கும்போதே படையோடு தொடர்பு வைக்க ஒரு வழி உண்டு. சாப்ளின் கேண்டிடேட் என்ற திட்டத்தில் மாணவராக இருக்கும்போதே இளநிலை அதிகாரியாகச் சேர்ந்து கோடை விடுமுறையில் பயிற்சி எடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அப்போதே விலகிவிடலாம். ஐந்து வருடம் படித்து, குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு பிடிக்கவில்லை என்று தெரிவதைவிட இது மலிவு.

அடுத்தது சபை. முழுநேரப் படைப்பணிக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு மதப்பணி அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. விலக்கு கொடுப்பதும் உண்டு, ஆனால் விலக்கை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள். அந்த இரண்டு ஆண்டைத் தருவது பெரும்பாலும் ஒரு சிறிய ஊரின் சபை. வேலை தேடும் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிந்துவிடும். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும். ஆகவே ‘ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை’ என்று சபை மே மாதத்தில் சொன்னால், உங்களுக்கு அடுத்த வருடக் கோடை வரை வேலை இல்லை என்று பொருள். புதுப்பிப்பதா இல்லையா என்பதை முடிவதற்கு எட்டு, ஒன்பது மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியம் ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நிர்வாகக் குழுத் தலைவர் தங்கமானவராக இருப்பார். அவர் பதவிக்காலம் உங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே முடிந்துவிடும். அடுத்து வருபவருக்கு, பழையவர் வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் தெரியாது.

இனி பணம். இதில்தான் நன்றாகப் படித்தவர்களும் கவிழ்கிறார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தில் சபை ராபிக்கு இரட்டை வேடம். வருமான வரிக்கு அவர் ஊழியர். சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பு) வரிகளுக்கு அவர் சுயதொழில் செய்பவர். சாதாரண ஊழியருக்கு இந்த இரண்டு வரியில் பாதியை முதலாளி கட்டுவார். ராபி முழு 15.3 சதவீதத்தையும் தானே கட்ட வேண்டும், அதுவும் வீட்டுப்படியையும் சேர்த்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 70,000 டாலர், வீட்டுப்படி 30,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு லட்சம். அதில் 92.35 சதவீதத்தை எடுத்து 15.3 சதவீதம் போட்டால் சுமார் 14,130 டாலர் சுயதொழில் வரி. சபை இதற்காக ஒரு சென்ட்கூடப் பிடித்திருக்காது. முதல் வருடம் சம்பளம் முழுசாகக் கைக்கு வருகிறதே என்று மகிழ்ந்து, மாணவர் கடனை அடைத்து, கார் வாங்கியவருக்கு அடுத்த ஏப்ரலில் இந்த எண் முன்னால் வந்து நிற்கும். அந்த இரவு தூக்கம் வராது, அபராதமும் சேர்ந்துகொள்ளும். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையில் முன்கூட்டியே கட்ட வேண்டும். இல்லையென்றால், வருமான வரி என்ற பெயரில் கூடுதல் தொகையைச் சம்பளத்தில் பிடித்துவிடும்படி சபைக் கணக்காளரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம். மறதிக்காரர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது. இதிலேயே இன்னொரு கோளாறு உண்டு. நல்லெண்ணத்தில் சில சபைகள் ராபியையும் அலுவலக உதவியாளரைப் போலவே நடத்தி சமூகப் பாதுகாப்பு வரியைப் பிடித்துவிடும். அது தவறு. ஆண்டுச் சம்பளப் படிவத்தில் 3, 5 என்ற கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். எண் இருந்தால் திருத்தப் படிவம் போடச் சொல்லுங்கள். வருடம் கூடக்கூடத் தலைவலி பெரிதாகும்.

வீட்டுப்படிக்கு வருமான வரி கிடையாது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கிலும் 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சலுகை செல்லும் என்றே சொன்னது. ஆனால் நிர்வாகக் குழு முன்கூட்டியே தீர்மானம் போட்டு, கூட்டக் குறிப்பில் தொகையை எழுதியிருக்க வேண்டும். பின்தேதி போட முடியாது. மேலே சொன்ன கணக்கில் ஜனவரியில் போட வேண்டிய தீர்மானத்தை ஜூலையில் போட்டால் 15,000 டாலருக்குச் சலுகை போச்சு. 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 3,300 டாலர் வீண். ஒரு கூட்டத்தில் ஐந்து நிமிடம் செலவிட மறந்ததற்கு விலை அது. தீர்மானத்திலேயே ‘இனி மாற்றும் வரை ஒவ்வோர் ஆண்டுக்கும்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் அடுத்த வருடம் மறந்தாலும் தப்பிக்கலாம். சலுகை கிடைப்பது மூன்று எண்களில் மிகச் சிறியதற்கு மட்டும்: தீர்மானித்த தொகை, உண்மையில் வீட்டுக்குச் செலவான தொகை, தட்டுமுட்டுச் சாமான்களோடும் மின்சாரம், தண்ணீர்க் கட்டணத்தோடும் அந்த வீட்டுக்கு வரக்கூடிய நியாயமான வாடகை. ஆகவே தீர்மானத்தில் கொஞ்சம் தாராளமாகவே எழுதச் சொல்லுங்கள், ரசீதுகளை வையுங்கள். இன்னொன்று: ‘4361 படிவம் போட்டால் சுயதொழில் வரியே வேண்டாம்’ என்று யாராவது காதில் ஓதுவார்கள். அரசுக் காப்பீட்டையே மனச்சாட்சிப்படி எதிர்க்கிறேன் என்று கையெழுத்திட வேண்டிய படிவம் அது. பணத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் போட்டால் அது பொய்ச் சத்தியம். திரும்பப் பெறவும் முடியாது. சபை ஊதியத்துக்கு முதுமையில் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் சேராமல் போய்விடும்.

ராபியின் விருப்ப நிதி என்று ஒன்று பெரும்பாலான சபைகளில் இருக்கும். கல்யாணம் நடத்தி வைத்தால், துக்கத்துக்கு வந்தால் குடும்பங்கள் காசோலை தருவார்கள். ஏழைகளுக்கு, அவசரத்துக்கு ராபி தன் விருப்பப்படி கொடுக்க அந்த நிதி. அது சபையின் பெயரில், சபையின் வரி எண்ணில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் கணக்கு திறந்தால் உள்ளே வரும் ஒவ்வொரு டாலரும் உங்கள் வருமானம். அதிலிருந்து சொந்த வீட்டு மளிகைக்கு ஒரு முறை கொடுத்தாலும் வேலையும் பெயரும் சேர்ந்தே போகும். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற ரகசியம் வேண்டும் என்பார்கள். வாங்கியவர் பெயரை ஒரு கணக்காளர் மட்டும் பார்க்கிற ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். யாருமே பார்க்காத கணக்கு நேர்மையானவருக்கும் ஆபத்து.

படைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வரிக் குழப்பம் தலைகீழாகிறது. படையில் நீங்கள் முழு அதிகாரி. சாதாரண ஊழியரைப் போலவே வரி பிடிப்பார்கள், வீட்டுப்படிக்கு வருமான வரி இல்லை. நம் இந்திய ராணுவத்தில் பண்டிதர், மௌலவி, கிரந்தி, பாதிரியார் எல்லாம் முழு அதிகாரிகளுக்குக் கீழே உள்ள ஜே.சி.ஓ. நிலையில்தான் இருப்பார்கள். அமெரிக்காவில் சாப்ளின் லெப்டினன்ட்டாகத் தொடங்கிக் கர்னலாகவும் அதற்கு மேலும் ஏறலாம். அந்தக் கதவு யூதர்களுக்குத் திறந்த கதையைத் தெரிந்துகொண்டால் விண்ணப்பத்தில் கேட்கிற ஒரு தாள் ஏன் அத்தனை முக்கியம் என்று புரியும். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, சாப்ளின் ‘ஏதாவதொரு கிறிஸ்தவப் பிரிவின்’ குருவாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. பென்சில்வேனியாவின் ஒரு குதிரைப்படைப் பிரிவு மைக்கேல் ஆலன் என்ற எபிரேய ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தது. புகார் போனது, அவர் விலக நேர்ந்தது. சட்டத்தைச் சோதித்துப் பார்க்கவே அதே பிரிவு அடுத்து நியூயார்க்கின் ஆர்னால்ட் ஃபிஷெலைத் தேர்ந்தெடுத்தது. போர்த்துறை மறுத்துவிட்டது. டிசம்பரில் ஃபிஷெல் நேரே லிங்கனைப் போய்ப் பார்த்தார். 1862 ஜூலை 17இல் ‘ஏதாவதொரு மதப்பிரிவு’ என்று பொருள்படச் சட்டம் மாறியது. செப்டம்பரில் பிலடெல்பியாவின் ஜேக்கப் ஃப்ராங்கெல் முதல் யூத சாப்ளினாக நியமனம் பெற்றார். ஃபிஷெலுக்கு அந்த நியமனம் கிடைக்கவே இல்லை. வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அவரை அங்கே அனுப்பிய யூத அமைப்பால் ஊதியம் தர முடியவில்லை, பிறகு ஹாலந்துக்கே திரும்பிவிட்டார். கதவைத் தட்டித் திறந்தவர் உள்ளே போகவில்லை.

சட்டத்தில் இருந்த ‘மதப்பிரிவின்’ என்ற வார்த்தையின் இன்றைய வடிவம் ஒப்புதல் சான்று. ஒரு மத அமைப்பு, இவர் எங்களவர், தகுதியானவர் என்று 2088 எண் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் படை உங்களைத் தொடும். யூதர்களுக்கு நீண்டகாலமாக ஜே.டபிள்யூ.பி. என்ற யூத சாப்ளின் கவுன்சில் இதைச் செய்கிறது. ஆர்த்தடாக்ஸ் தரப்பில் அலெஃப் நிறுவனமும் உண்டு. படை ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் முதலில் போய் ஆறு மாதம் அலைந்துவிட்டு, பிறகு ஒப்புதல் அமைப்பைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஒப்புதல் அமைப்பு, பிறகு மதிப்பெண் பட்டியல், அதற்குப் பிறகு ஆள்சேர்ப்பு அதிகாரி, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புப் பின்புல விசாரணை. பழைய முகவரிகள், வெளிநாட்டுப் பயணம், இஸ்ரேலில் படித்த வருடம், அங்கே உள்ள உறவினர் எல்லாவற்றையும் தேதியோடு கேட்பார்கள். ராபி மாணவர்களில் பலர் ஜெருசலேமில் ஒரு வருடம் இருந்தவர்கள், ஆகவே இந்தப் பகுதி நீளும். வீட்டு வாடகை ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஒப்புதல் ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டுகிற காகிதம் இல்லை. கொடுத்த அமைப்பு அதைத் திரும்பப் பெற்றால், எத்தனை வருடம் சேவை செய்திருந்தாலும் சாப்ளினாகத் தொடர முடியாது. அவர்கள் கேட்கிற அறிக்கையை நேரத்துக்கு அனுப்புங்கள்.

தரைப்படையின் அடிப்படைப் பயிற்சி தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சனில், சுமார் மூன்று மாதம். சாப்ளின் ஆயுதம் ஏந்தக்கூடாது என்பதால் துப்பாக்கிப் பயிற்சி இல்லை. ஓட்டம், வரைபடம், முகாம், கண்ணீர்ப்புகை அறை எல்லாம் உண்டு. அந்தப் புகை அறைதான் தாடிப் பிரச்சினையின் வேர், முகமூடி தோலோடு ஒட்ட வேண்டும் என்பது வாதம். தாடியோடு சேர ஒரு ராபி வழக்குப் போட்ட பிறகே 2011இல் அனுமதி வாங்க முடிந்தது. விதி மாறிக்கொண்டே இருப்பதால் அனுமதியை எழுத்தில் வாங்கி, சட்டைப் பையிலேயே வையுங்கள். தலையில் அணியும் கிப்பாவுக்கும் இதே பாடு. சிம்ஹா கோல்ட்மன் என்ற விமானப்படை உளவியலாளர், அவரும் ராபிதான், போட்ட வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று படையின் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அனுமதித்தது, அடக்கமாகவும் வேலைக்கு இடையூறு இல்லாமலும் இருந்தால் சரி என்று. அந்த விவாதத்தில் லெபனானின் பேய்ரூட்டில் நடந்த சம்பவமும் பேசப்பட்டது. 1983 அக்டோபர் 23இல் அமெரிக்கர் 241 பேர் இறந்த குண்டுவெடிப்பில், ஆர்னால்ட் ரெஸ்னிகாஃப் என்ற கடற்படை ராபி காயம்பட்டவர்களின் முகத்தைத் தன் கிப்பாவால் துடைத்தார். அது ரத்தத்தில் ஊறிப்போக, உடனிருந்த கத்தோலிக்க சாப்ளின் தன் உருமறைப்புச் சீருடையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அவருக்குக் கிப்பாவாகக் கொடுத்தார்.

பிரிவுக்குப் போனதும் விழுகிற அடி தனிமை. சபையில் உங்களைச் சுற்றி இருநூறு குடும்பம் இருந்திருக்கும். பட்டாலியனில் பல நூறு பேரில் யூதர் ஒருவரோ இருவரோ இருந்தால் அதிகம். உங்கள் நேரம் பெரும்பாலும் பாப்டிஸ்ட் பையன்களோடும் கத்தோலிக்கப் பெண்களோடும் மதமே வேண்டாம் என்பவர்களோடும்தான் போகும். படையின் கோட்பாடு எளிது: உன் மதச் சடங்கை நீ செய், மற்றவர்களுடையதுக்கு ஏற்பாடு செய். ஞானஸ்நானம் கொடு என்று யாரும் ராபியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கேட்ட சிப்பாய்க்கு ஒரு பாதிரியாரைத் தேடிப் பிடித்து, வண்டி ஏற்பாடு செய்து, இடம் ஒதுக்கித் தருவது உங்கள் பொறுப்பு. உங்களோடு ஓர் உதவியாளர் இருப்பார், அவர் ஆயுதம் வைத்திருப்பார். உங்கள் உயிர் அவர் கையில் என்பதால் முதல் வாரத்திலேயே அவரோடு நன்றாகப் பழகுங்கள். சபையில் அப்பா இறந்தால், அடக்கம் செய்த அன்றே பத்து யூதரைக் கூட்டி, இறந்தவருக்காகச் சொல்லும் ஜெபமான காதிஷைச் சொல்லிவிடலாம். பாலைவன முகாமில் பத்து யூதர் சேர மாட்டார்கள், ஆகவே ராபியே தன் அப்பாவுக்குக் காதிஷ் சொல்ல முடியாமல் நிற்கலாம். போவதற்கு முன்பே ஊரில் ஒருவரிடம், தேவைப்பட்டால் எனக்காகச் சொல்லுங்கள் என்று கேட்டு வைப்பது நல்லது. கேட்கவே நா எழாது, இருந்தாலும் கேளுங்கள்.

சக சாப்ளின்களோடும் எல்லாம் சுமுகமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1945 மார்ச்சில் ஜப்பானின் ஈவோ ஜிமா தீவில் 5ஆவது மரைன் டிவிஷனின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்க, டிவிஷனின் தலைமைச் சாப்ளினான புராட்டஸ்டன்ட் குரு, ராபி ரோலண்ட் கிட்டல்சனைப் பேசச் சொன்னார். மற்ற சாப்ளின்கள் சிலர் எதிர்த்தார்கள். கடைசியில் பொதுக் கூட்டம் கைவிடப்பட்டு, தனித்தனியாக நடந்தது. யூதர்களின் சிறு கூட்டத்தில் அவர் எழுதி வைத்திருந்ததையே வாசித்தார். தங்கள் சொந்த வழிபாட்டை விட்டுவிட்டு மூன்று புராட்டஸ்டன்ட் சாப்ளின்கள் வந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவர் பிரதி வாங்கிப் பெருக்க, அந்தப் பிரசங்கம் நாடெங்கும் போனது. போருக்கு முன் நியூயார்க் அருகே சபை நடத்தியவர் கிட்டல்சன், பின்னால் பாஸ்டனில் பெரிய சபையை இருபத்துச் சொச்சம் வருடம் நடத்தினார். ஒதுக்கப்பட்ட அன்று வாதாடாமல், கையிலிருந்த பிரசங்கத்தை இருந்தவர்களுக்குச் சொன்னார் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

ரகசியம் காப்பதில் சபைப் பழக்கத்தைப் படைக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கிருந்து இங்கேயும் கொண்டுவராதீர்கள். படைச் சாப்ளினிடம் ஒரு சிப்பாய் ஆன்மிக ஆலோசனைக்காகச் சொன்னது, அவர் சம்மதம் இல்லாமல் யாரிடமும் போகாது. தற்கொலை எண்ணமாக இருந்தாலும் நீங்களே போய்க் கமாண்டரிடம் சொல்லிவிட முடியாது. அவரைத் தனியே விடாமல், பேசிப் பேசி, கூடவே நடந்து மருத்துவரிடம் சேர்ப்பதுதான் வழி. அந்த நடை அரை மணி நேரமும் ஆகும், விடிய விடியவும் ஆகும். உதவியாளருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு, அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டாம். ஊர்ச் சபையிலோ மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. குழந்தை வதை பற்றித் தெரிந்தால் குருவும் புகார் செய்தே ஆக வேண்டும் என்ற மாநிலங்கள் உண்டு. புதிய ஊருக்குப் போன முதல் மாதமே அந்த மாநிலச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்டிகைகளில் படுத்துவது பஸ்கா. எட்டு நாளும் புளித்த மாவு வாயில் படக்கூடாது, ஆகவே யூத உணவு விதிப்படி செய்த சாதாரண கோஷர் உணவுப் பொட்டலமும் உதவாது, பஸ்காவுக்கென்றே தயாரித்தது வேண்டும். ஹனுக்கா விளக்கு ஏற்றுகிற டிசம்பரிலேயே பஸ்காவுக்கான பட்டியலைக் கொடுத்துவிடுங்கள், அப்போதும் பெட்டி தவறான முகாமுக்குப் போய்விடக்கூடும். எண்ணிக்கையைப் பதிவேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். மதம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாத யூதர்கள் பஸ்கா விருந்து இரவில் வந்து நிற்பார்கள், நண்பர்களையும் அழைத்து வருவார்கள். இரண்டு மடங்கு கேளுங்கள். புளிப்பில்லா அப்பம் வழியில் நொறுங்கும். விருந்துக்கு முழு அப்பம் மூன்று வேண்டும் என்பதால், ஒரு பெட்டியைத் துணி சுற்றிக் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். மதுவுக்குத் தடை உள்ள இடத்தில் திராட்சைச் சாறு போதும், சமயச் சட்டமும் ஏற்கிறது. கூடாரத்திலும் கப்பலிலும் தீயணைப்பு விதி இருக்கும், ஓய்வுநாள் மெழுகுவத்திக்கு முன்பே அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் மின்விளக்கு. எதுவும் கிடைக்கவில்லை என்றால் 1862ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஒஹையோ 23ஆவது படைப்பிரிவின் யூதச் சிப்பாய்கள் இருபது பேர், ராபி யாரும் இல்லாமல் தாங்களே பஸ்கா கொண்டாடினார்கள். எகிப்தில் செங்கல் அறுத்ததை நினைவூட்டும் கொட்டைப் பழக் கலவைக்குச் சாமான் இல்லை. தட்டில் ஒரு நிஜச் செங்கல்லையே வைத்துவிட்டார்கள். கசப்புக் கீரைக்குக் காட்டில் பறித்த ஏதோ ஒரு செடி நாக்கைச் சுட்டுவிட, எரிச்சல் தாங்காமல் வைத்திருந்த சைடர் என்ற ஆப்பிள் மதுவை எல்லாம் குடித்துத் தீர்த்தார்கள்.

சபையில் இருந்துகொண்டே ரிசர்வ் படையில் சாப்ளினாக இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தலைப்பு. ரிசர்வ் என்றால் மாதம் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம். வார இறுதி என்றால் சனி, ஞாயிறு. பாதிரியாருக்கு ஞாயிறு காலை ஒன்றுதான் சிக்கல். ராபிக்கு வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை சபையில் நிற்க வேண்டும், ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு மதப்பள்ளி. படை கேட்பதும் அதே நாட்களை. ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் சனிக்கிழமை வண்டி ஓட்டவும் மாட்டார், எழுதவும் மாட்டார். இதைச் சேர்ந்த பிறகு பேசலாம் என்று விட்டவர்கள் இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கினார்கள். வருடத் தொடக்கத்திலேயே பயிற்சி நாட்களின் அட்டவணையை வாங்கி, யூத நாட்காட்டியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். யூதப் புத்தாண்டும் யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளும் வருகிற செப்டம்பர், அக்டோபர் பயிற்சியை வேறு தேதிக்கு மாற்ற எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு டிசம்பர் 25ஆம் தேதி வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். கிறிஸ்தவ சாப்ளின் வீட்டுக்குப் போகட்டும், அடுத்த யோம் கிப்பூருக்கு அவர் உங்கள் இடத்தில் நிற்பார். சபைக்கோ, நீங்கள் இல்லாத அந்தச் சனிக்கிழமைகளில் யார் நடத்துவது, அவருக்கு யார் பணம் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்தப் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

ஒரு வருடம் அழைத்துவிட்டால்? படைப்பணிக்குப் போனவருக்குப் பழைய வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. முதலாளி எவ்வளவு சிறியவர் என்று அது பார்ப்பதில்லை, ஒரே முதலாளியிடம் பொதுவாக மொத்தம் ஐந்து வருடம் வரை காப்பு உண்டு. ஆனால் சபை தன் குருவைத் தேர்ந்தெடுப்பதில் நீதிமன்றங்கள் தலையிடத் தயங்கும். வேலைப் பாகுபாடு தொடர்பான ஒரு வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தயக்கத்துக்கு முத்திரையே குத்திவிட்டது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். படைக்கு அழைத்தால் வேலை காத்திருக்கும், இடைக்கால ராபியின் ஒப்பந்தம் நான் திரும்பும் தேதியோடு முடியும், குடும்பம் அதே வீட்டில் இருக்கும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இடைக்காலத்துக்கு வருபவர் பெரும்பாலும் இளைஞராக, நன்றாகப் பாடுபவராக இருப்பார். சபைக்கு அவரைப் பிடித்துவிடும். திரும்பி வந்து நிற்கும்போது குழந்தைகள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், அது குத்தும்.

திரும்பிய பிறகு கெடு உண்டு. பணி முப்பது நாள் வரை என்றால் அடுத்த வேலை நாளே போய் நிற்க வேண்டும். 31 முதல் 180 நாள் என்றால் 14 நாளுக்குள் விண்ணப்பம். அதற்கு மேல் என்றால் 90 நாள். களைப்பில் மூன்று மாதம் எப்படிப் போகும் என்று தெரியாது. விமானத்தை விட்டு இறங்கிய வாரமே, பணி முடிந்த ஆவணத்தின் நகலோடு நிர்வாகக் குழுத் தலைவருக்கும் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிடுங்கள். அதே உறையில் இன்னொரு தாளையும் வையுங்கள்: மீதி மாதங்களுக்கான வீட்டுப்படித் தீர்மானத்தின் வரைவு. நீங்கள் இல்லாதபோது அதை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.